பந்திங்குக்கு ஒரு ரயில்

பந்திங்கில் ரயில் நிலையம் கிடையாது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் ரயில் ஓடியது. அடுத்த ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரைக்கு இன்னொன்று வந்தது. பிறகு தெலுக் ஆன்சனுக்குக் கிளை போட்டார்கள், போர்ட் டிக்சனுக்குப் போட்டார்கள், மலாக்காவுக்குப் போட்டார்கள், கோல சிலாங்கூர் பக்கம்கூட ஒன்று போனது. லங்காட் ஆற்றைத் தாண்டி எங்கள் பக்கம் மட்டும் யாரும் வரவில்லை. சின்ன வயதில் ரயில் பார்க்க வேண்டுமென்றால் 30 கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி கிள்ளானுக்குப் போக வேண்டும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது அப்பா ஸ்டேஷன் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுவார். துணியை விட எனக்கு அதுதான் தீபாவளி.

சரி, யாரும் போடாத பாதையை நானே போட்டுக்கொள்கிறேன் என்று போன வருடம் முடிவு செய்தேன். வீட்டின் பின்னறையில், இரண்டு சுவர் ஓரமாக. ஒரு பக்கம் 1.8 மீட்டர் பலகை, மூலையில் ஒரு வளைவு, அடுத்த பக்கம் 1.2 மீட்டர். கிள்ளானிலிருந்து பிரிந்து வரும் கிளைப்பாதையின் கடைசி நிலையம் பந்திங். ஒரு பிளாட்பாரம், ஒரு சரக்குக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, பின்னால் கித்தா மரம். இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனைதான், ஆனால் நான் எடுத்துக்கொண்ட காலத்துக்குக் கித்தாதான் சரி.

மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் புதியவனுக்குச் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: முதலில் ஊரை முடிவு செய், அடுத்து ஆண்டை முடிவு செய், கடைசியில் ரயில் வாங்கு. ஊர் எனக்கு முன்பே முடிவாகிவிட்டது. மிச்சம் இரண்டும் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டன. இந்தக் கட்டுரை அந்த ஓர் ஆண்டைப் பற்றியது.

முதலில் கணக்கு. எனக்குப் பிடித்த பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ரயில் மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே சரியாக 1,000 மில்லிமீட்டர். உலகத்தில் அதிகம் விற்கும் மாடல்கள் 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கானவை. மீட்டர் கேஜ் வேண்டுமென்றால் சுவிட்சர்லாந்துப் பக்கம் போகலாம். ரேஷியன் ரயில்வே நம்மைப் போலவே மீட்டர் கேஜ்தான். பேமோ என்ற கம்பெனி அதை 1:87 அளவில், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் அழகாகச் செய்கிறது. 12-ஐ 87-ஆல் பெருக்கினால் 1,044. ஏறக்குறைய சரி. ஆனால் அந்த விலைக்கு நான் மைவி காருக்கு நாலு டயரும் மாற்றி, மிச்சக் காசில் குடும்பத்தோடு லங்காவி போய் வரலாம். அதோடு ஆல்ப்ஸ் மலையில் ஓடும் சிவப்பு ரயிலைப் பந்திங்கில் விட முடியாது.

அடுத்தது ஜப்பான். ஜப்பானிய என் ஸ்கேல் 1:150, தண்டவாளம் 9 மில்லிமீட்டர். பெருக்கினால் 1,350. அதாவது என் பந்திங் ரயில் காலை அகட்டி நிற்கும், அசலை விட 350 மில்லிமீட்டர் அகலமாக. ஜப்பானின் சொந்தப் பாதையே 1,067 தான் என்பதால் அவர்களுடைய மாடல்களும் இதே மாதிரி அகட்டித்தான் நிற்கின்றன. அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. ஜப்பானையும் நம்மையும் விட்டுத் தள்ளி நின்று பார்த்தால், விலை கட்டுப்படியாகும், வளைவு சின்னது போதும், உதிரி பாகம் கிடைக்கும். என் ஸ்கேல் என்று முடிவானது.

கடையில் கைநீட்டி எடுக்கிற மாதிரி மலாயா ரயில் எதுவும் இல்லை. நம் கேடிஎம்மின் 26-ஆம் வகை டீசல், 'புளூ டைகர்' என்பார்களே, அதன் ஜெர்மன் சகோதரனை மெஹானோ கம்பெனி எச்ஓ அளவில் செய்தது. நம்முடையதோ அதன் மீட்டர் கேஜ் தம்பி, 2003 வாக்கில் 20 வந்தன. பார்க்க ஒரே ஜாடை, உடம்பு வேறு. எனக்கு எப்படியும் டீசல் வேண்டாம், நீராவிதான் வேண்டும்.

மலாயாவின் நீராவி எஞ்சின் என்றால் 56-ஆம் வகை. கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி செய்தது. 1938-இல் வரத் தொடங்கி, போர் முடிந்து 1946-இலும் வந்தது. முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. மூன்று சிலிண்டர். நம் ஊர்களின் பெயரை வைத்தார்கள். 564.36 எண் கொண்ட 'தெமெர்லோ'வின் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதற்காக அலைந்தேன் என்று புரியும். மீட்டர் கேஜில் இவ்வளவு நெடிய, இவ்வளவு லட்சணமான எஞ்சின் அதிகம் இல்லை.

இதை யாரும் மாடலாக விற்கவில்லை. கோலாலம்பூரில் ஒரு பொம்மைக் கடையில், மாடல் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் "ஃபிஃப்டி சிக்ஸ் இருக்கா?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தான். காட்டோ கம்பெனியின் சி56.

அதே எண். வேறு எஞ்சின்.

பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. உள்ளங்கையில் அடங்கியது. பின்னால் வரும் நிலக்கரித் தொட்டியின் இரண்டு தோளையும் சரித்து வெட்டியிருப்பார்கள், பின்னோக்கி ஓட்டும்போது டிரைவருக்குப் பாதை தெரிய வேண்டும் என்று. திருப்புமேடை இல்லாத கிளைப்பாதைக்காகவே வரைந்த எஞ்சின். நான் போட்ட பந்திங் பாதையில் திருப்புமேடை இல்லை. இடம் இல்லை. "இது உங்க ஏரியாவுல ஓடினதுதான் பாஸ், மீட்டர் கேஜ்ல" என்றான் பையன். அவன் சொன்னது உண்மை. பொறியியல் கண்ணோடு பார்த்தால் என் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் உலகத்திலேயே இல்லை. நான் அதைப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

சி56-இன் முதல் 90 எஞ்சின்களை ஜப்பானிய ராணுவம் எடுத்துக்கொண்டது. சக்கரங்களை மீட்டர் கேஜுக்கு மாற்றி, கப்பலில் ஏற்றி, சயாமுக்கும் பர்மாவுக்கும் அனுப்பியது. எதற்கு என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சயாம் மரண ரயில். பான் போங்கிலிருந்து தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு முனைகளும் இணைந்தன. திறப்பு நாளில் ஓடிய எஞ்சின் சி56 31. இன்று அது தோக்கியோவில், யாசுகுனி ஆலயத்தோடு சேர்ந்த யூஷூகான் அருங்காட்சியகத்தின் வரவேற்புக் கூடத்தில், துடைத்துப் பளபளவென்று நிற்கிறது. 1979-இல் தாய்லாந்திலிருந்து கொண்டுபோனார்கள். அதே ஆண்டு திரும்பிப்போன இன்னொன்று சி56 44. அது ஓய்கவா ரயில்வேயில் இருக்கிறது. 2015-இல் அதற்குச் சிவப்புச் சாயம் அடித்து, முகம் ஒட்டி, 'தோமஸ்' கார்ட்டூனில் வரும் ஜேம்ஸாக மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் கை காட்டுகிறார்கள். அந்தக் காணொளியை நான் மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறை, என்ன நினைக்க வேண்டும் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, இணைப்புத்தண்டு எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் ஆயாவுக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். எங்களோடுதான் இருக்கிறார். பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது தோட்டத்துக்கு லோரி வந்தது. அவருடைய அப்பா அதில் ஏறிப்போனார். அவ்வளவுதான் ஆயாவுக்குத் தெரிந்தது. "லோரி பச்சைக் கலரு. அப்பாயி வாசல்ல நின்னு ஒண்ணும் பேசல" என்பார். அதற்கு மேல் கேட்டால், "சயாமுக்குப் போனாரு" என்பார். திரும்பி வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டில் 'சயாமுக்குப் போனார்' என்றாலே அது சேர்ந்துதான் வரும்.

ஆயா இதுவரை ரயில் ஏறியதில்லை. 2010-இல் பத்துமலைக்குக் கொமுட்டர் விட்ட பிறகு தைப்பூசத்துக்கு நாங்கள் கிள்ளானிலிருந்து ரயிலில் போகலாம் என்போம். "பஸ்ஸே போதும்" என்பார். பயம் மாதிரியும் தெரியாது, கோபம் மாதிரியும் தெரியாது. சிலருக்குக் கத்திரிக்காய் பிடிக்காது என்பது போலத்தான் சொல்வார்.

அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இரண்டையும் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். மலாக்காவில். அங்கே இருந்த நாலு வருடமும் வீட்டுக்கு பஸ்ஸில்தான் வந்து போனேன், ஏனென்றால் மலாக்கா நகரத்துக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. தம்பினிலிருந்து கிளை வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கி சயாமுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு போடவே இல்லை. 1931-இல் முடித்த கிழக்குக் கரைப் பாதையிலும் நீளமாகப் பிடுங்கினார்கள். அதைப் போருக்குப் பிறகு திரும்பப் போட்டார்கள். நாவல்களில் மனிதர்களைப் படித்தேன். தண்டவாளமும் கூடவே போனது எனக்கு மாடல் ரயிலுக்காகத் துழாவும்போதுதான் உறைத்தது. ஆட்களைக் கொண்டுபோனார்கள், அவர்கள் போட வேண்டிய தண்டவாளத்தையும் அவர்கள் ஊரிலிருந்தே கொண்டுபோனார்கள்.

சி56 விஷயத்தை இந்த மாடல் பைத்தியத்தில் எனக்கு மூத்தவரான ஓர் அண்ணனிடம் சொன்னேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் மகன், பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். ரயில்வே குடும்பங்கள் வாழ்ந்த அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. பக்கத்து யார்டு இருந்த இடத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் வந்தது. அண்ணன் நேராகப் பேசுவார்.

"இரும்புமேல என்ன தம்பி கோபம்? போருக்கு அப்புறம் தாய்லாந்துக்காரன் அதே எஞ்சினத்தான் வச்சு ஓட்டினான். அரிசி ஏத்துனான், ஆள் ஏத்துனான். இன்னும் ரெண்டு எஞ்சின வச்சிருக்கான், விசேஷத்துக்கு ஓட்டுறான்."

"தெரியுதுண்ணே. ஆனா ஆயா இருக்கிற வீட்டுல எப்படி ஓட்டறது?"

"ஆயாவுக்கு அது எந்த எஞ்சின்னு தெரியுமா?"

தெரியாது. அங்கேதான் எனக்குச் சிக்கல் ஆரம்பமானது. ஆயாவுக்கு எந்த எஞ்சினும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன். அப்படியென்றால் நான் யாருக்காக அதைத் திருப்பிக் கொடுத்தேன்?

கொஞ்ச நாள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பலகைக்கு மெழுகுப் பூச்சு அடித்தேன். (நம் ஊர் ஈரத்துக்கு ஒட்டுப்பலகை உப்பிவிடும், இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும், ஓரத்துக்கு மூன்று முறை.) பிறகு, வேலையில் ஒரு பழுதை எப்படித் தேடுவோமோ அப்படிப் பாதையைப் பின்னாலிருந்து தேடினேன். தொழிற்சாலையில் மோட்டார் எரிந்தால் மோட்டாரைப் பார்க்க மாட்டோம், அதற்கு மின்சாரம் வந்த வழியைப் பார்ப்போம்.

தோட்டத்திலிருந்து லோரி. லோரியிலிருந்து ரயில். மலாயாவின் மேற்குக்கரைப் பாதையில் வடக்கே ஈப்போ, புக்கிட் மெர்தாஜாம், அலோர் ஸ்டார், பாடாங் பெசார். எல்லையில் இறங்கவே வேண்டாம். 1918 முதல் நம் பாதையும் சயாம் பாதையும் ஒரே கேஜில் இணைந்தவை. வண்டி அப்படியே பான் போங் வரை போகும். கூடு போட்ட இரும்புச் சரக்குப் பெட்டிகள். போர்க்கைதிகளின் நினைவுக்குறிப்புகளில் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பெட்டிகளில் போன நாலைந்து நாட்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பகலில் தகரம் சுடும், இரவில் குளிரும், முப்பது பேர் கால் நீட்ட முடியாது. சி56 அவரைச் சுமந்ததென்றால் எல்லைக்கு அப்பால். இந்தப் பக்கம் அவரை இழுத்தது நம் ரயில்வே. நம் பெட்டி, நம் பாதை. 1938-இல் வந்திறங்கிய 56-ஆம் வகை எஞ்சின்கள் அப்போது அந்தப் பாதையில்தான் இருந்தன.

லட்சணமான எஞ்சின் என்று மேலே எழுதினேன். அந்தச் சொல்லை எடுக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதை நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அன்றோடு போனது. எண்ணும் ஒன்று, வேலையும் ஒன்று.

மாடல் ரயில் என்பதே முடிந்துபோன பாதையைக் காட்டுவதுதான். சரளைக்கல் சமமாக இருக்கும். வெட்டிய மண்ணில் புல் முளைத்திருக்கும். யார் வெட்டினார்கள் என்பது தெரியாது. ஜெர்மன் கம்பெனிகள் விற்கும் சின்ன மனிதர்களின் பெட்டிகளைப் பாருங்கள்: டிக்கெட் பரிசோதகர், சூட்கேஸ் பிடித்த பெண், முத்தமிடும் ஜோடி, கொத்துவேலை ஆட்கள்கூட உண்டு, ஹெல்மெட்டோடு. கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல் போனார்கள், பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். காஞ்சனாபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகளை வரிசையாகப் பராமரிக்கிறார்கள். நம் ஆட்களோடு சேர்ந்த ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பக்கம், அவர்களில் பாதிப் பேர் அளவுக்கு இறந்தார்கள் என்பார்கள். அவர்களுக்கு வரிசை இல்லை. கைதிக்குப் பெயரும் எண்ணும் இருக்கிறது, நமக்கு 'பக்கம்', 'அளவுக்கு' என்ற சொற்கள் இருக்கின்றன.

சரி, ஆண்டுக்கு வருவோம். 1942 முதல் 45 வரை கூடாது. 1948-இல் அவசரகாலம் தொடங்கிவிட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், ரயிலைக் கவிழ்த்தார்கள், வண்டிக்கு முன்னால் கவசம் போட்ட விக்கம் டிராலி ஓடியது. அதை ஒரு மாடலாகச் செய்ய எனக்கும் ஆசைதான், ஆனால் அது வேறு கட்டுரை, வேறு பலகை. அவசரகாலம் 1960 ஜூலையில் முடிந்தது. நான் 1961 என்று வைத்துக்கொண்டேன். இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கின் 20-ஆம் வகை டீசல் 1957-இலேயே வந்துவிட்டது. நீராவியும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே பலகையில் ஓட்டலாம் என்பதால் அமெரிக்க மாடல்காரர்களும் அவர்கள் ஊரின் இந்த மாதிரி காலத்தைத்தான் விரும்பி எடுப்பார்கள். என் காரணம் அது இல்லை. 1961-இல் ஆயாவுக்கு இருபது வயதுக்குக் கொஞ்சம் மேல். பந்திங்குக்கு ரயில் வந்திருந்தால் பிளாட்பாரத்தில் நின்றிருப்பார். ஏறியிருப்பாரா என்பது வேறு.

எஞ்சின் 56-ஆம் வகைதான். காட்டோவின் சி57-ஐ வாங்கி அதன் அடிப்பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதுவும் நாலு, ஆறு, இரண்டு. சக்கரம் அசலை விடப் பெரியது, உடம்பை ஓர் இழை தூக்கி வைத்தால் கண் ஏமாறும். மேல்பாகத்தைக் கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சில் பிசினில் எடுத்தேன். ஐந்தாவது அச்சில்தான் கொதிகலன் நேராக வந்தது. பெயர்ப்பலகையில் 'பந்திங்'. கிளாஸ்கோவில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

பயணிகள் பெட்டிக்கு ஓஹா 31. காட்டோ கம்பெனி 1965-இல் முதன்முதலாகச் செய்த என் ஸ்கேல் பெட்டியே இதுதான். அசல் 17 மீட்டர், 1:150-இல் 11 சென்டிமீட்டர் சொச்சம். 315 மில்லிமீட்டர் வளைவில் மூலை வெளியே துருத்தாமல் திரும்பும். 20 மீட்டர் பெட்டிகள் பார்க்க அழகு, ஆனால் என் மூலையில் திரும்பும்போது சின்னச் சந்தில் லோரி திருப்புவது போல இருக்கும். இரண்டு பெட்டி வாங்கினேன். இரண்டும் மூன்றாம் வகுப்பு. கண்ணாடியை எடுத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்தேன். நண்பன் ஒருவன் பச்சையும் பால் நிறமுமாக ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ் செய்யச் சொன்னான், பார்க்க ஜோராக இருக்கும் என்று. அது 1993-இல் வந்தது. அந்தப் பெட்டிகளே நியூசிலாந்து ரயிலுக்காக 1971-இல் ஜப்பான் செய்தவை, இங்கே கொண்டுவந்து மாற்றியவை. சிங்கப்பூரிலிருந்து சயாம் வரை, அதே பாதையில், மெத்தையில் சாய்ந்துகொண்டு. வேண்டாம் என்றேன்.

கிளைப்பாதையில் பயணிகள் பெட்டியோடு சரக்குப் பெட்டியையும் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். ரப்பர் ஷீட், கொப்பரை, அரிசி. நாலு சரக்குப் பெட்டி தேவை என்று கணக்கு. வடிவம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: நாலு மூலை, நடுவில் கதவு, சன்னல் இல்லை. மூன்றை ஒரே வாரத்தில் செய்துவிட்டேன். கதவை மூடி ஒட்டினேன். நாலாவதுக்குக் கதவைத் தனியாக அச்செடுத்தேன், நகரும்படி.

போன மாதம் முதல் முறையாக முழு வண்டியை ஓட்டினேன். ஆயா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எஞ்சின் சுவரில் இருக்கும் துளை வழியாக அடுத்த பக்கம் போய் மறைந்தது. அங்கே ஒரு பலகை மறைப்பு, அதற்குப் பின்னால் மூன்று வரித் தண்டவாளம். வெளியுலகம் முழுவதும் மாடல்காரனுக்கு அந்த மூன்று வரிதான்.

"அந்தாண்ட என்னய்யா இருக்கு?"

"கிள்ளான், ஆயா."

"அதுக்கு அந்தாண்ட?"

கோலாலம்பூர் என்றேன். அதற்கு அப்பால் என்று கையை அசைத்தார். ஈப்போ, தைப்பிங், புக்கிட் மெர்தாஜாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். பாடாங் பெசாரில் நிறுத்தினேன். ஆயா தலையை ஆட்டினார். வண்டி திரும்பி வந்தது. ஒவ்வொரு பெட்டியாக விரலை நீட்டி எண்ணினார். பயணிகள் பெட்டி இரண்டு, சரக்கு மூன்று.

"ஆளே இல்லையேப்பா" என்றார்.

ஆட்கள் ஆர்டர் போட்டிருக்கிறேன், சாயம் அடிக்காத வெள்ளை உருவங்கள், நூறு பேர், ஒவ்வொருவரும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். இரண்டு வாரத்தில் வரும் என்றேன். சீலை கட்டின பொம்பளைங்க அதுல இருப்பாங்களா என்று கேட்டார். இருக்க மாட்டார்கள். பிசினில் நான்தான் கட்டிவிட வேண்டும். நாலாவது பெட்டி இன்னும் மேசையில்தான் இருக்கிறது. கதவுக்குப் பிசின் வைக்கவில்லை.